துறைமுக லாரியின் எண்ணெய்ப் பரீட்சை

தூத்துக்குடிக் கடலில் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்துவந்த நாட்களில், சலாபத்தை அறிவிப்பதற்கு முன்னால் அரசாங்கத்தார் தவறாமல் செய்துவந்த காரியம் ஒன்று உண்டு. கரையிலிருந்து பல மைல் தொலைவில் கடலடியில் பார்கள் என்ற பெயரில் கிடக்கும் சிப்பித் திட்டுகளைச் சோதித்து, சிப்பி விளைந்திருப்பதாகத் தோன்றிய பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்துவரச் செய்து, அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைப் பருமன்வாரியாகச் சலித்துப் பிரித்து, அநுபவசாலிகளான வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று வரும் அந்த மதிப்பையும், சிப்பியின் வயதையும், பாரின் நிலைமையையும் சேர்த்து யோசித்த பிறகுதான், அந்த ஆண்டு சலாபம் நடத்துவதா, பாரை இன்னும் ஓராண்டு தொடாமல் விடுவதா என்பது தீர்மானமாகும். 1961-ஆம் ஆண்டோடு இந்தக் கரையில் சலாபம் நின்றுபோயிற்று. ஆனால் கண்ணுக்கெட்டாத இடத்தில் இருக்கும் ஒரு பெரும்பொருளின் நிலையை, கையில் எடுத்த சிறு மாதிரியிலிருந்து நிதானித்து அறியும் அந்த முறை, பரதவர் தோணிகள் புறப்பட்ட அதே ஊரில் இன்று வேறொரு துறையில் பயன்பட்டு வருகிறது.

1974-ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, பிற்காலத்தில் வ. உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கிய தூத்துக்குடித் துறைமுகத்தின் வாசல்களில், நிலக்கரியும் உப்பும் உரமும் மரமும் கன்டெய்னர்களும் ஏற்றிய டீசல் லாரிகள் இரவு பகலாக வந்துபோகின்றன. அவற்றுள் ஒன்றின் என்ஜினுக்குள் பிஸ்டனும் லைனரும் பேரிங்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பிரத்தியட்சமாகப் பார்க்க வேண்டுமானால் என்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும். அதற்கு நாளும் பொருளும் செலவாவதோடு, நன்றாக இருக்கும் என்ஜினைப் பிரிப்பதே அதற்கு ஒரு கேடாகவும் முடியலாம். பிரிக்காமலே உட்புறத்தை அறிவதற்கு மனிதன் கண்டுபிடித்த வழிகளுள் சிறந்தது, அதில் ஓடிய ஆயிலில் ஏறக்குறைய 100 மில்லிலிட்டரை ஒரு புட்டியில் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புவதாகும். சில நாட்களில் வரும் அறிக்கை ஒரே தாள்தான். அதில் இருபது, இருபத்தைந்து எண்கள் வரிசையாக நிற்கும். அந்த எண்களைப் பெறுவது இன்று சுலபம். அவற்றின் பொருளை உணர்வதே கடினம். எந்த எண்ணும் தனித்து நின்று பொருள் தருவதில்லை என்பதும், தன்னோடு உயரும் மற்ற எண்களோடும், அந்த லாரியின் முந்தைய அறிக்கைகளோடும், அது ஓடிய நிலத்தோடும் சேர்த்துப் படிக்கும்போதே அது அர்த்தம் பெறுகிறது என்பதும் இந்த அத்தியாயத்தில் விளக்கப்படும்.

எண்ணெயின் தொழில்

என்ஜினுக்குள் ஆயில் செய்யும் வேலையை வழவழப்பூட்டுவது என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது பொதுவழக்கு. உண்மையில் அது சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே சில மைக்ரான் தடிப்புள்ள படலமாக நின்று உலோகம் உலோகத்தைத் தொடாமல் காக்கிறது. தண்ணீர் போய்ச்சேர முடியாத இடங்களிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. டீசல் எரியும்போது பிறக்கும் புகைக்கரியை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தன்னுள் மிதக்கவைத்துக்கொள்கிறது. எரிவினால் உண்டாகும் அமிலங்களைத் தன்னிடமுள்ள காரத்தால் சமப்படுத்துகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதனுடைய தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான். படலம் அத்தனை மெல்லியதாக இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல்துகளும் அதைக் கிழித்துக்கொண்டு இரு புறத்து உலோகத்தையும் கீறிவிடுகிறது.

இவ்வளவு வேலைகளையும் செய்துகொண்டு, அடித்தொட்டியாகிய சம்பிலிருந்து பம்பின் வழியாக என்ஜினின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் சென்று திரும்பும் ஆயில், தான் தொட்ட ஒவ்வோர் இடத்தின் அடையாளத்தையும் சிறிதளவு சுமந்தே வருகிறது. ஆகையால் அதன் அறிக்கையில் மூன்று வகையான செய்திகள் அடங்கியிருக்கின்றன. தேய்ந்து வந்த உலோகங்கள் என்ஜினின் நிலையைச் சொல்கின்றன. தூசி, தண்ணீர், கூலண்ட், டீசல் ஆகிய அந்நியப் பொருள்கள் வெளியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் எது உள்ளே புகுந்தது என்பதைச் சொல்கின்றன. பாகுத்தன்மை, காரம், அமிலம் முதலியவை ஆயிலின் சொந்த ஆயுள் எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்கின்றன. மூன்றையும் வேறுவேறாகப் பிரித்து அறிந்த பின் ஒன்றாகச் சேர்த்து யோசிப்பதே அறிக்கையைப் படிப்பதற்குரிய முறை.

ஒளியினால் உலோகத்தை அறிதல்

ஒரு துளி ஆயிலில் கரைந்தும் மிதந்தும் கிடக்கும் உலோகத்தை எப்படி இனம் கண்டு அளக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை, 1859-ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் புன்சன், கிர்க்காஃப் என்னும் இரு விஞ்ஞானிகள் செய்த ஆராய்ச்சியில் இருக்கிறது. கடும் வெப்பத்தில் ஆவியான ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய சில நிறங்களில் மட்டும் ஒளியை வீசுகிறது என்பதையும், அந்த நிறக்கோடுகளைக் கொண்டு மூலகத்தை ஐயமற அடையாளம் காணலாம் என்பதையும் அவர்கள் நிலைநாட்டினார்கள். தமிழ்நாட்டில் 1899-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையம் இந்தத் தத்துவத்தைச் சூரியன்மேல் பிரயோகித்து, கால்சியம் வீசும் ஒளியில் மட்டும் சூரியனின் முகத்தைப் படம்பிடிக்கும் பணியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துப் பல பத்தாண்டுகள் நடத்திவந்தது. பதினைந்து கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சூரியனின் கால்சியத்தை அறிந்த அதே இயற்கை நியதியைக் கொண்டுதான், இன்று லாரியின் ஆயிலில் கலந்துள்ள கால்சியத்தையும் இரும்பையும் செம்பையும் அளக்கிறோம்.

ஓடிய ஆயிலைச் சோதிப்பதற்கு இதை முதன்முதல் ஒழுங்காகப் பயன்படுத்தியவர்கள் ரயில்வேக்காரர்கள். 1940-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் டென்வர்-ரியோ கிராண்டே ரயில்வே, தன் டீசல் என்ஜின்களின் பழைய ஆயிலை, ஒளியை நிறம்பிரித்துக் காட்டும் நிறமாலைமானியால் சோதித்துப் பழுதுகளை முன்கூட்டியே அறியத் தொடங்கியது. அதன் பிறகு கடற்படையும் விமானப்படையும் அம்முறையைக் கைக்கொண்டன. இன்று சோதனைச்சாலைகளில் இருக்கும் உபகரணத்தில், ஆயிலை மின்பொறியிலோ பல்லாயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் வாயுச் சுடரிலோ எரித்து, வரும் ஒளியை நிறம்நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு மூலகமும் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று ஒரு சில நிமிஷங்களில் கணித்துவிடுகிறார்கள். இந்தப் பங்கையே பட்டறையிலும் சோதனைச்சாலையிலும் பி.பி.எம். என்கிறார்கள்.

பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு கிலோ ஆயிலில் ஒரு மில்லிகிராம். இருபது லிட்டர் கொள்ளும் சம்பில் ஏறத்தாழ பதினேழரைக் கிலோ ஆயில் இருக்கும். அறிக்கையில் இரும்பு 40 பி.பி.எம். என்று கண்டால், 700 மில்லிகிராம் இரும்பு, அதாவது ஒரு கிராமுக்கும் குறைவான சூட்சுமத் துகள், அந்த ஆயிலில் பரவியிருக்கிறது என்று பொருள். பல நூறு கிலோ எடையுள்ள என்ஜினில் ஒரு கிராமுக்கும் குறைவான தேய்வை அளந்து சொல்லும் இந்த நுட்பத்தை நினைக்க வியப்பு உண்டாகிறது. அந்த நுட்பத்தின் பயன் முழுவதும் அதைப் படிப்பவருடைய நிதானத்தைச் சார்ந்தது.

உலோகங்களும் அவற்றின் துணைகளும்

இரும்பு அறிக்கையில் எப்போதும் இருக்கும். லைனர், கிராங்க், கேம், பற்சக்கரம் ஆகிய எல்லாம் இரும்பினால் ஆனவையாதலால், இரும்பு உயர்ந்தது என்பதை மட்டும் கொண்டு எந்த உறுப்பு தேய்கிறது என்று கூற முடியாது. அதோடு குரோமியமும் உயர்ந்தால், குரோமியம் பூசிய பிஸ்டன் ரிங்குகளும் அவை உராயும் லைனரும் தேய்கின்றன என்று அநுமானிக்கலாம். அலுமினியமும் சேர்ந்து உயர்ந்தால் பிஸ்டனே தேய்வில் பங்குகொள்கிறது. குரோமியமும் அலுமினியமும் அமைதியாக இருக்க இரும்பு மட்டும் ஏறுமானால், கேம், பற்சக்கரம் முதலிய இடங்களை நினைக்க வேண்டும். பல வாரம் ஓடாமல் கடற்காற்றில் நின்ற லாரியாக இருந்தால், உள்ளே படிந்த துருவையும் நினைக்க வேண்டும்.

செம்பின் விஷயத்தில் அவசரப்பட்டு ஏமாந்தவர்கள் அநேகர். புதிய லாரியில் செம்பு 100, 200 என்று ஏறுவதைக் கண்டு பேரிங் போய்விட்டது என்று பதறி என்ஜினைப் பிரித்தால், பேரிங்குகள் புத்தம்புதியவை போல் இருக்கும். காரணம், ஆயில் கூலரில் உள்ள செம்புக் குழாய்களோடு ஆயிலில் சேர்த்திருக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டுப்பொருள் ரசாயன முறையில் வினைபுரிந்து செம்பைக் கரைத்துக்கொண்டு வருவதுதான். குழாயின் உட்புறம் ஒரு பாதுகாப்புப் படலம் அமைந்த பின் அந்த எண் அடுத்தடுத்த அறிக்கைகளில் தானே இறங்கிவிடும். பேரிங்கின் மேல்பூச்சு ஈயமும் வெள்ளீயமும் கலந்ததாக இருக்கும் என்ஜின்களில், உண்மையாகவே பேரிங் தேயும்போது முதலில் அவை இரண்டும் எழுந்து, பிறகு அடியிலுள்ள செம்பு அவற்றைத் தொடரும். ஆகவே செம்பு தனித்து வந்தால் கூலரையும், ஈயத்தோடும் வெள்ளீயத்தோடும் வந்தால் பேரிங்கையும் கவனிக்க வேண்டும். ஒரே எண், துணையாக வருவதைப் பொறுத்து, ஒரு சமயம் அற்ப விஷயமாகவும் மற்றொரு சமயம் பேராபத்தாகவும் இருக்கிறது.

கால்சியம், மக்னீசியம், துத்தநாகம், பாஸ்பரஸ் ஆகியவை ஆயிலைத் தயாரிப்பவரே சேர்த்த மருந்துகள். அவை பெருந்தொகையாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இவற்றின் அளவு வகைக்கு வகை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், பயன்படுத்தாத புதிய ஆயிலின் மாதிரி ஒன்றையும் ஒரு தடவை சோதித்து வைத்துக்கொள்வது அவசியம். துத்தநாகமோ கால்சியமோ திடீரென்று வேறு அளவைக் காட்டினால், வழியில் எங்கோ வேறொரு ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

கடற்கரைத் தூசி

ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு டீசல் என்ஜின் நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுழலும்போது, டர்போவின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காமலே, நிமிஷத்துக்கு 4,500 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. அந்தக் காற்றில் உள்ளதை ஏர் ஃபில்டர் தடுத்துவிடுகிறது என்பது, ஃபில்டரும் அதிலிருந்து டர்போவுக்குச் செல்லும் ரப்பர் குழாயும் அதன் கிளாம்புகளும் பழுதில்லாமல் இருக்கும்வரையில்தான் உண்மை. எங்கேனும் ஒரு சிறு இடைவெளி ஏற்பட்டால் தூசி நேரே லைனரை அடைந்து, ரிங்குகளுக்கு இடையே அரைபட்டு, ஆயிலில் வந்து சேர்கிறது. அறிக்கையில் அதன் அடையாளம் சிலிக்கன்.

தூசி எல்லா ஊரிலும் ஒரே தூசியன்று. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழிக்கு மேற்கே, குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி என்று செக்கச்சிவந்த மணற்பரப்புகள் கிடக்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து வீசும் வறண்ட மேல்காற்று அம்மணலை வாரியிறைக்கிறது. அந்த மணலின் உடல் சிலிக்கா. அதன் சிவப்பு, மேலே படிந்த இரும்பு ஆக்ஸைடு. இடையிடையே இல்மனைட் என்னும் டைட்டானியக் கனிமமும் கலந்திருக்கிறது. ஆகவே இந்தப் பக்கத்து லாரியின் அறிக்கையில் சிலிக்கனோடு சிறிது டைட்டானியமும் தலைகாட்டினால், ஆயிலில் டைட்டானிய மருந்து சேர்க்கப்படவில்லை என்பது உறுதியானால், தேரி மணல் உள்ளே போகிறதோ என்று சந்தேகிப்பது நியாயம். அனல்மின் நிலையத்துச் சாம்பலை ஏற்றும் லாரிக்கு வேறு லட்சணம் உண்டு: நிலக்கரிச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் நிறைந்திருப்பதால், அங்கே அறிக்கையில் காணும் அலுமினியம் முழுவதையும் பிஸ்டனின் கணக்கில் எழுதிவிடுவது தவறாகும்.

சிலிக்கனுக்கு வேறு பிறப்பிடங்களும் உண்டு. நுரை எழாதபடி ஆயிலில் சேர்க்கும் மருந்திலும், கேஸ்கெட் பொருத்தும்போது தடவும் சிலிக்கோன் பசையிலும், சிலவகைக் கூலண்டிலும் அது இருக்கிறது. அண்மையில் என்ஜினைப் பிரித்துப் பூட்டிய லாரியில் சிலிக்கன் உயர்ந்து, அலுமினியமும் இரும்பும் குரோமியமும் அசையாமல் இருந்தால், அது பசையிலிருந்து கரைந்து வந்ததென்று கருதி அமைதியடையலாம். தூசியாக வந்த சிலிக்கன் மண்ணிலுள்ள அலுமினியத்தையும் உடன்கொண்டு வரும். பின்னால் இரும்பையும் குரோமியத்தையும் தேய்த்து இழுத்துக்கொண்டும் வரும்.

இந்தக் கரையில் மிகுந்த ஜாக்கிரதையோடு படிக்க வேண்டிய மூலகம் சோடியம். மற்ற ஊர்களில் சோடியம் உயர்ந்தால் கூலண்ட் கசிகிறது என்று சொல்லிவிடுவது வழக்கம். கூலண்டோடு ஆயிலில் புகுந்த தண்ணீர் என்ஜின் சூட்டில் ஆவியாகி மறைந்துவிட்டாலும், கூலண்டில் கரைந்திருந்த சோடியமும் பொட்டாசியமும் போரானும் மாலிப்டினமும் பின்தங்கிவிடுவதால், அந்த வழக்கத்துக்கு நல்ல ஆதாரமும் உண்டு. ஆனால் வேப்பலோடையிலும் தருவைகுளத்திலும் முத்தையாபுரத்திலும் ஆறுமுகநேரியிலும் பரந்து கிடக்கும் உப்பளங்களுக்கு நடுவே ஓடி, உப்பையே சரக்காக ஏற்றும் லாரிக்கு, காற்றோடு புகும் உப்புத்தூளும் சோடியந்தான். சோடியத்தோடு பொட்டாசியமோ போரானோ சேர்ந்து எழுந்தால் கூலண்டென்றும், சோடியம் தூசியின் சிலிக்கனோடு மட்டும் சேர்ந்து எழுந்தால் உப்புக் காற்றென்றும் பெரும்பாலும் பிரித்தறியலாம். மூன்றாவதாக ஒரு நிலைமையும் உண்டு. கூலண்டுக்குப் பதிலாக வழியில் கிடைத்த உவர்நீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டும் லாரியில், ஹெட் கேஸ்கெட் கசிந்தாலும் பொட்டாசியம் அதிகம் தென்படாது; தாளில் அது உப்புக்காற்றைப் போலவே தோன்றும். அந்த இடத்தில் நிறமாலைமானிக்கு மேல் ஒரு சாட்சி தேவைப்படுகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா, எதை ஊற்றினீர்கள் என்று ஓட்டுநரைக் கேட்டால் அந்தச் சாட்சி கிடைத்துவிடும்.

வரிசையில் நிற்கும் லாரி

துறைமுக வாசலிலும் கன்டெய்னர் கிடங்கிலும் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் லாரியின் என்ஜின் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அவ்வாறு சுமையின்றி மெதுவாகச் சுழலும் என்ஜினில் எரிவறை போதிய சூடு அடைவதில்லை. இன்ஜெக்டர் தெளிக்கும் டீசலில் ஒரு பகுதி முழுமையாக எரியாமல் லைனரின் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலந்துவிடுகிறது. அரைகுறையாக எரிந்த பகுதி கரியாக மாறி அதுவும் ஆயிலிலேயே தங்குகிறது. டீசல் கலந்தால் ஆயில் நீர்க்கும். கரி சேர்ந்தால் தடிக்கும். இந்த இரு விபரீதங்களும் ஒரே சமயத்தில் நிகழும்போது ஒன்றையொன்று மறைத்துவிடுவதுதான் அறிக்கை படிப்பவர் அறிந்திருக்க வேண்டிய முக்கியமான சூட்சுமம்.

நம் லாரிகளில் பெருவழக்காக உள்ள 15 டபிள்யூ 40 என்னும் வகை ஆயிலின் பாகுத்தன்மை, நூறு டிகிரி சென்டிகிரேடில் 12.5-க்குக் குறையாமலும் 16.3-ஐ எட்டாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. புதியதாக இருந்தபோது 14.5 காட்டிய ஆயில், பழையதான பின்னும் 14.4 காட்டினால், மாறுதலே இல்லை என்று மகிழ்ந்துவிடலாகாது; டீசலால் நீர்த்ததும் கரியால் தடித்ததும் சரிக்குச் சரியாகி அந்த எண் வந்திருக்கலாம். அதனால்தான் பாகுத்தன்மையைக் கண்டவுடன், கரியின் சதவீதத்தையும், டீசலின் சதவீதத்தையோ ஆயில் தீப்பற்றும் வெப்பநிலையையோ சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிய ஆயிலின் ஆவி 200 டிகிரிக்கு மேல்தான் பற்றும். டீசல் கலந்தால் அது வெகுவாகத் தாழ்ந்துவிடும். டீசல் இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் விசாரிக்கவும், ஐந்தை எட்டினால் இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதிக்கவும் வேண்டும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கம்.

ஆயிலின் காரத்தை மொத்தக் கார எண் என்ற பெயரில் அளக்கிறார்கள். டீசலில் கந்தகம் மிகுந்திருந்த காலத்தில், எரியும்போது பிறந்த கந்தக அமிலம் இந்தக் காரத்தை விரைவில் தின்றுவிடும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் பி.எஸ். 6 என்னும் வாகனப் புகை விதி அமலுக்கு வந்து, டீசலில் கந்தகம் பத்து பி.பி.எம். அளவுக்குக் குறைந்துவிட்டதால் அந்த அபாயம் பெரிதும் தணிந்தது. ஆனால் ஆயில் காற்றோடும் வெப்பத்தோடும் சேர்ந்து தானே புளித்து அமிலமாவது நிற்கவில்லை. ஆகவே கார எண் பாதியாகக் குறைந்ததா என்று மட்டும் பாராமல், ஏறிவரும் அமில எண்ணை அது எந்த இடத்தில் சந்திக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தை அடைந்த ஆயிலை மாற்றிவிடுவதே உத்தமம். பேரிங்கிலுள்ள ஈயத்தை அரிக்கத் தொடங்குவது அத்தகைய ஆயில்தான்.

இரண்டு அறிக்கைகள்

மேலே சொன்னவை மனத்தில் தெளிவாகப் பதியும்பொருட்டு, இரண்டு லாரிகளைக் கற்பித்துக்கொள்வோம். இரண்டும் ஒரே வகை என்ஜின், ஒரே ஆயில், சம்பில் இருபது லிட்டர். முதல் லாரி துறைமுகத்துக்கும் ஊருக்கு வெளியே உள்ள கன்டெய்னர் கிடங்குகளுக்கும் இடையே ஓடி, 9,000 கிலோமீட்டரில் மாதிரி கொடுத்தது: இரும்பு 54, குரோமியம் 4, அலுமினியம் 14, சிலிக்கன் 38, சோடியம் 22, பொட்டாசியம் 2, செம்பு 9, ஈயம் 4. இரண்டாவது லாரி தூத்துக்குடிக்கும் பெங்களூருக்கும் ஓடி, 30,000 கிலோமீட்டரில் மாதிரி கொடுத்தது: இரும்பு 75, குரோமியம் 3, அலுமினியம் 6, சிலிக்கன் 9, சோடியம் 4, பொட்டாசியம் 2, செம்பு 8, ஈயம் 4.

இரும்பின் எண்ணை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது லாரியே கெட்டது என்பார். கிலோமீட்டரைக் கணக்கில் கொள்பவர், முதல் லாரியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு 6-ம் இரண்டாவதில் 2.5-ம் இரும்பு சேர்ந்திருப்பதைக் காட்டி, முதல் லாரியே கெட்டது என்பார். ஆனால் முதல் லாரி பாதிப் பொழுது வரிசையில் நின்றே ஓடியது. அதன் 9,000 கிலோமீட்டருக்கு என்ஜின் 900 மணி நேரம் சுழன்றிருக்கிறது. இரண்டாவது லாரியின் 30,000 கிலோமீட்டருக்கோ 750 மணி நேரமே ஆயிற்று. மணிக்கணக்கில் பார்த்தால், முதல் லாரியில் நூறு மணிக்கு 6 பி.பி.எம்., இரண்டாவதில் 10 பி.பி.எம். என்றாகி, தீர்ப்பு மறுபடியும் தலைகீழாகிவிடுகிறது. சுமையின்றிச் சுழன்ற மணியும் முப்பது டன் இழுத்து ஓடிய மணியும் சமமல்ல என்பதால், அந்தத் தீர்ப்பும் இறுதியானதன்று.

இரும்பினால் தீராத வழக்கை அதன் துணைகளே தீர்க்கின்றன. முதல் லாரியில் சிலிக்கன் 38; அதன் அளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக அலுமினியம்; கூடவே சற்று உயர்ந்த குரோமியம். தூசி உள்ளே புகுகிறது என்பதற்கு இவை பொருந்திய லட்சணங்கள். சோடியம் 22 இருந்தும் பொட்டாசியம் புதிய ஆயிலின் அளவிலேயே நிற்பதால், கூலண்டைவிட உப்புக் கலந்த தூசியே பொருத்தமான காரணம். செம்பும் ஈயமும் அடங்கியிருப்பதால் பேரிங்குக்கு இன்னும் கேடு வரவில்லை. ஆகவே இந்த லாரிக்குச் செய்ய வேண்டியது என்ஜினைப் பிரிப்பதன்று. ஏர் ஃபில்டர் உறையையும் ரப்பர் குழாயையும் கிளாம்புகளையும் சோதித்துச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, நூறு மணி நேர ஓட்டத்துக்குப் பின் மீண்டும் ஒரு மாதிரி எடுப்பது. இரண்டாவது லாரியில் எல்லாத் துணைகளும் அமைதியாக இருப்பதால், 75 என்ற இரும்பு நீண்ட ஓட்டத்தின் இயல்பான சேர்க்கையே. அதே லாரியின் முந்தைய மூன்று, நான்கு அறிக்கைகளிலும் இதே வேகம் இருந்திருக்குமானால், ஓட்டுநரும் உரிமையாளரும் நிம்மதியாக இருக்கலாம்.

அறிக்கை காணாதவை

நிறமாலைமானி எவ்வளவு கூர்மையானதாயினும், சுமார் எட்டு, பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட பெரிய துகள்கள் அதன் சுடரில் முழுமையாக எரிவதில்லை; எரியாதவை எண்ணில் வருவதும் இல்லை. மெல்லத் தேயும் என்ஜின் நுண்துகளையே உதிர்க்கும். ஆனால் ஒரு பற்சக்கரமோ பேரிங்கோ திடீரென்று செதிள் செதிளாகப் பெயரத் தொடங்கினால், வரும் துண்டுகள் பெரியவையாதலால், அறிக்கை அமைதியாக இருக்கும்போதே என்ஜின் அழிந்துகொண்டிருக்கக்கூடும். இந்தக் குறையை நீக்கத்தான், 1970-களில் அமெரிக்காவில், காந்தத்தின் உதவியால் இரும்புத் துகள்களைக் கண்ணாடித் தகட்டின்மேல் பருமன்வாரியாகப் படியவைத்து நுண்பெருக்கியில் பார்க்கும் முறை உருவாயிற்று. அந்த வசதி இல்லாத பட்டறையிலும், கழற்றிய ஆயில் ஃபில்டரை எறிந்துவிடாமல் அறுத்துப் பிரித்து, அதன் மடிப்புகளைக் கையாலும் காந்தத்தாலும் தடவிப் பார்க்கும் பழக்கம் ஒன்றிருந்தால் போதும். அறிக்கை காணாத துண்டுகள் அங்கே காணக் கிடைக்கும்.

பட்டறையில் செய்யத்தக்க வேறு இரண்டு சோதனைகளும் உண்டு. சூடான தகட்டின்மேல் ஒரு துளி ஆயிலை விட்டால், தண்ணீர் கலந்திருக்கும் ஆயில் படபடவென்று வெடிக்கும். வடிதாளின்மேல் ஒரு துளியை விட்டுச் சில மணி நேரம் வைத்திருந்தால், கரியைச் சுமக்கும் சக்தி குன்றாத ஆயில் நடுவிலிருந்து சீராகப் பரவி மங்கும். சக்தி இழந்த ஆயிலில் கரி நடுவிலேயே கரும்புள்ளியாகத் திரண்டு, சுற்றிலும் வெளிறிய வளையம் நிற்கும். இவை எண் தருவதில்லை; ஆயினும் சோதனைச்சாலைக்கு அனுப்பலாமா, அனுப்பும் முன்பே லாரியை நிறுத்தவேண்டுமா என்று தீர்மானிக்க உதவுகின்றன.

மாதிரி எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஓடி வந்து நின்ற சூட்டோடு, துகள்கள் அடியில் படிவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். அளவு பார்க்கும் கேஜ் குச்சியின் குழாய் வழியே சிறு பம்பினால் இழுப்பது நல்லது. ஆயில் இறக்கும்போது பிடிப்பதானால், முதலில் விழும் அடிமண்டியையும் கடைசியில் வடிவதையும் தவிர்த்து நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும். புட்டி உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். மேல்காற்று வீசும் உப்பளத்தின் ஓரத்தில் புட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால், அந்தக் காற்றே சிலிக்கனையும் சோடியத்தையும் புட்டிக்குள் சேர்த்துவிடும். பிறகு அறிக்கை சொல்வது என்ஜினின் நிலையாக இராது.

சீட்டில் எழுத வேண்டியவை

புட்டியின்மேல் ஒட்டும் சீட்டில் லாரியின் எண்ணை மட்டும் எழுதி அனுப்புவோர் பலர். ஆயில் ஊற்றிய பின் ஓடிய கிலோமீட்டர், என்ஜின் சுழன்ற மணி, இடையில் ஊற்றிச் சேர்த்த ஆயில் எவ்வளவு, ரேடியேட்டரில் என்ன ஊற்றப்பட்டது, ஏற்றிய சரக்கு எது, அண்மையில் எதைக் கழற்றிப் பூட்டினார்கள் என்ற ஆறு செய்திகளும் அதில் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் மேலே கூறிய ஏதேனும் ஓர் அநுமானம் ஊனப்படும். இருபது லிட்டரில் ஐந்து லிட்டர் புதிதாகச் சேர்த்தது தெரியாவிட்டால், தேய்வு நாற்பதாக இருந்தும் முப்பதாகத் தோன்றும். உவர்நீர் ஊற்றியது தெரியாவிட்டால், கசியும் கேஸ்கெட் உப்புக்காற்றாகத் தோன்றும். கேஸ்கெட் பசை தடவியது தெரியாவிட்டால், பழுதற்ற ஏர் ஃபில்டரின்மேல் வீண்பழி விழும்.

இந்த ஆறு செய்திகளையும் முழுமையாக அறிந்தவர் சோதனைச்சாலையின் ரசாயன நிபுணரும் அல்லர், அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் உரிமையாளரும் அல்லர். லாரியை ஓட்டுபவரும் அதைப் பூட்டிக் கழற்றும் மெக்கானிக்குமே ஆவர். ஆனால் அறிக்கை வந்ததும் அதை அலமாரியில் பூட்டிவைத்து, அதன் பயனாக ஒரு கட்டளையை மட்டும் அவர்களுக்கு அனுப்புவது நம்மிடையே வேரூன்றிவிட்ட வழக்கமாக இருக்கிறது. இது பெரும் நஷ்டத்துக்கு இடமான வழக்கம். எண்களை அளப்பவருக்கு நிலத்தின் செய்தி தெரியாது. நிலத்தில் ஓடுபவருக்கு எண்களின் செய்தி எட்டுவதில்லை. இரண்டும் ஒரே தாளில் சேராதவரையில், பரீட்சைக்குச் செலவிட்ட பணம் பாதிப் பயனையே தரும். ஆகையால் ஒவ்வோர் அறிக்கையின் பிரதியையும் தமிழில் சில வரி விளக்கத்தோடு ஓட்டுநரிடமும் மெக்கானிக்கிடமும் கொடுத்து, அவர்கள் சொல்வதை அதன் ஓரத்திலேயே எழுதி, அடுத்த மாதிரியோடு அதையும் சோதனைச்சாலைக்கு அனுப்பும் வழக்கத்தை லாரி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு எந்த உபகரணமும் வாங்க வேண்டியதில்லை. அந்தத் தொழிலாளரின் அறிவையும் விஞ்ஞானத்தின் ஒரு பகுதியென மதிக்கும் மனம் இருந்தால் போதும்.